இரவில் சைக்கிள்: மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறோமா?

வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்குவதற்கு முன்பே இம்முறை சைக்கிள் விளக்குகள் குறித்துப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் யூலை மாதத்தில் மாலை 6.30 மணி கடந்து மறையும் சூரியன் நவம்பரில் 6 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. வகுப்பும் வேலையும் முடிகின்ற நேரமோ மாறுவதில்லை. எனவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் உயர்தர வகுப்பில் படிக்கிறான். நகரத்தில் மாலை வகுப்பு முடிந்து, இரவு 7 மணியளவில் பலாலி வீதி வழியாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறான். பின் மட்காட்டில் சிவப்பு றிப்ளெக்டர் இருக்கிறது, விளக்கு இல்லை. வாங்கித் தருகிறேன் என்றால், "வாற வாகனமெல்லாம் எனக்கு வடிவாத் தெரியுது அம்மா, பிறகேன் லைற்?" என்று கேட்கிறான். றிப்ளெக்டர் மட்டும் போதுமா?
– வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: போதாது. உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வாகனங்கள் விளக்கை எரியவிட்டு வருவதால் அவை அவருக்கு நன்றாகவே தெரிகின்றன. ஆனால் அந்த வெளிச்சம் தம்மீது படுவதை உணரும் சைக்கிளோட்டிகள், அதே வெளிச்சத்தில் தாமும் சாரதிக்குத் தெளிவாகத் தெரிவதாக எண்ணிவிடுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த எண்ணத்தை ஆராய்ந்து, இரவில் தாம் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறோம் என்பதைச் சைக்கிளோட்டிகள் மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். நாம் அவரைக் காண்பதும் அவர் நம்மைக் காண்பதும் வெவ்வேறு என்பதை உங்கள் மகனுக்கு முதலில் விளங்கப்படுத்துங்கள்.

அடுத்ததாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயர்தர மாணவருக்கு அது கடினமாக இராது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. முன்னால் ஏதோ இருப்பதைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குச் சாரதிக்கு ஒன்றரைச் செக்கன் எடுத்தால், அதற்குள் 25 மீற்றர் போய்விடும். காய்ந்த நல்ல வீதியில் பிரேக் பிடித்த பின் நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் வேண்டும். மழை பெய்து ஈரமான வீதியில் மொத்தத் தூரம் 60 மீற்றரையும் எட்டலாம். எதிரே வருபவர்களுக்குக் கண் கூசாதிருக்க விளக்கைத் தாழ்த்தி ஓட்டும் சாரதிக்கோ, கறுப்பு அல்லது கடும் நிற உடை அணிந்த ஒருவர் பெரும்பாலும் 30 மீற்றர் அளவுக்கு நெருங்கிய பின்னரே புலப்படுகிறார். இவ்விரு தூரங்களுக்கும் இடையிலுள்ள குறையைச் சாரதியின் திறமையால் ஈடுசெய்ய முடியாது. சைக்கிள் இன்னும் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும்.

அப்படியானால் றிப்ளெக்டர் தொலைவிலிருந்து தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் சில நிபந்தனைகளோடு. அந்தச் சிவப்புப் பிளாஸ்ரிக் தகட்டின் உட்புறத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சந்திக்கும் மிகச் சிறிய மூலைகள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய மூலையில் படும் ஒளி, மூன்று முகங்களிலும் தெறித்து, வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. சாரதியின் கண் வாகன விளக்குக்குச் சற்று மேலே இருப்பதால் அவருக்கு றிப்ளெக்டர் பளிச்சென்று எரிவது போலத் தெரியும்; வீதியோரத்தில் நிற்பவருக்கு அது வெறும் தகடுதான். இதிலிருந்தே அதன் குறையும் விளங்கும். வாகன விளக்கின் ஒளிக்கற்றை அதன்மீது நேரே விழாவிட்டால் றிப்ளெக்டர் இல்லாததற்குச் சமம். ஒழுங்கையிலிருந்து பலாலி வீதிக்கு ஏறும் மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் எதிர்ப்பக்க மதிலில் விழுமேயன்றி, வலப்புறமிருந்து வரும் உங்கள் மகனின் சைக்கிளில் விழாது. முச்சக்கரவண்டியை வீதியோரத்தில் நிறுத்திவிட்டுக் கதவைத் தாண்டிக் கால் வைப்பவருக்கும், வீதியைக் கடக்கும் முதியவருக்கும், விளக்கில்லாமல் எதிரே வரும் இன்னொரு சைக்கிளோட்டிக்கும் றிப்ளெக்டரால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் தெரிவது எரிகின்ற விளக்கு மட்டுமே.

தூரத்தின் கணக்கும் விளக்குக்கே சாதகமானது. தூரம் இரண்டு மடங்கானால் விளக்கிலிருந்து கண்ணுக்கு வந்துசேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. றிப்ளெக்டரிலோ ஒளி போகும்போது ஒரு முறையும் திரும்பி வரும்போது இன்னொரு முறையும் அவ்வாறு குறைய வேண்டியிருப்பதால், கணக்களவில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். வீதிப் போக்குவரத்துப் பற்றிய 1968 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சைக்கிளுக்குப் பின்புற றிப்ளெக்டர் வேண்டும் என்பதோடு நின்றுவிடாமல், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் ஒளியும் பின்னால் சிவப்பு ஒளியும் காட்டும் சாதனங்களையும் கேட்பது இதனால்தான். பணத்தைப் பார்த்து ஒன்றொன்றாக வாங்குவதானால், உங்கள் மகனின் பாதையில் பின்னாலிருந்து வேகமாக வரும் வாகனங்களே பெரும் ஆபத்து என்பதால், சிவப்புப் பின்விளக்கை இந்தக் கிழமையே வாங்குங்கள். முன்விளக்கை அடுத்த மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். மட்காட்டில் உள்ள றிப்ளெக்டரைக் கழற்ற வேண்டாம். பற்றரி இறங்கிப் பின்விளக்கு நின்றுபோகும் இரவில் அது ஒன்றுதான் துணை.

கேள்வி: நான் வாழைக்குலைகளைக் கரியரில் கட்டிக்கொண்டு, விடிய 4 மணிக்குக் கோப்பாய் வழியாகத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவன். பின்னால் லைற் பூட்டியும், வாகனங்கள் மிகக் கிட்ட வந்த பிறகே விலகுகின்றன. காரணம் என்ன?
– விவசாயி ஒருவர், நீர்வேலி

பதில்: ஐயா, நீங்கள் புறப்படுவதற்கு முன், யாராவது ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இருபது முப்பது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். குலையின் நுனியோ, அதைச் சுற்றிய சாக்கோ, வாழைச் சருகோ விளக்கை மூடிக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். கரியரின் பின் விளிம்பிலும் இருக்கையின் கீழும் பூட்டும் விளக்குகள் சுமை ஏற்றாத சைக்கிளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. சுமை ஏற்றிச் செல்பவர்கள் விளக்கைச் சுமைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பின்சில்லின் அச்சுக்கு அருகே, சட்டத்தின் வலப்புறக் குழாயில், அதாவது வாகனங்கள் முந்திச் செல்லும் பக்கத்தில், தாழ்வாகப் பூட்டுவது. மற்றது, கிளிப் உள்ள சிறிய விளக்கொன்றைச் சுமை கட்டிய கயிற்றிலேயே, சுமையின் ஆகப் பின்புறத்தில் மாட்டுவது. இரண்டையும் செய்தால் மிக நன்று. குலைகள் இருபுறமும் பிதுங்கி நிற்கும்போது, சுமையின் அகலத்தைச் சாரதி அறிவதற்காக வலப்பக்க விளிம்பில் றிப்ளெக்டர் நாடா ஒட்டிய துணிப்பட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தாழ்வாகப் பூட்டச் சொல்வதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. தாழ்த்திய வாகன விளக்கின் ஒளி வீதியோடு ஒட்டியே வருவதால், முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள றிப்ளெக்டர் தோளுயரத்தில் உள்ளதைவிட முந்தி ஒளிரும். மட்காட்டின் கீழ் நுனி அதற்கு நல்ல இடம். ஆனால் செம்மண்ணும் சேறும் முதலில் படிவதும் அங்கேதான். நீங்கள் வாழும் செம்மண் பகுதியில் ஒரு மழைக்குப் பிறகு றிப்ளெக்டர் தன் நிறத்தையே இழந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் கைத்துண்டால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

விடியப்புறத்தில் கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்காக வீதியிலேயே படுத்திருக்கும். அவற்றைக் காண்பதற்கு உங்களுக்கும் வலுவான முன்விளக்கு வேண்டும். பாரமேற்றிய சைக்கிள் சட்டென்று நிற்காது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: என்னிடம் தகப்பனார் காலத்து றலி சைக்கிள் ஒன்று டைனமோவோடு இருக்கிறது. பற்றரி விளக்குகள் வந்துவிட்ட இந்நாளில் அதைத் திருத்திப் பாவிப்பதில் பயன் உண்டா? மின்குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோகின்றன.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பதில்: நிச்சயமாக உண்டு. ஏற்ற மறந்துபோகாத, கடையில் வாங்கத் தேவையில்லாத மின்சாரம் அது. 1990களின் முற்பகுதியில், பற்றரிகள் வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, இதே டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நீங்கள். அதன் அருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சில்லில் உரசும் வழமையான டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று தருமாறு அமைக்கப்பட்டது, அதில் 2.4 வாற்று முன்விளக்குக்கும் 0.6 வாற்று பின்விளக்குக்கும் உரியவை. உங்கள் மின்குமிழ்கள் எரிந்துபோவதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கும். பின்மின்குமிழ் எரிந்துவிட்டாலோ அதன் கம்பி அறுந்துவிட்டாலோ அதற்குரிய மின்னோட்டமும் முன்மின்குமிழுக்கே போய், பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது அதையும் எரித்துவிடும். ஆகவே ஒன்று போனவுடன் மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே அதை மாற்றிவிட வேண்டும்; வாங்கும்போது மின்குமிழில் பொறித்துள்ள அளவையும் பார்த்து வாங்குங்கள்.

மின்குமிழ் நன்றாயிருந்தும் விளக்கு மினுங்கினால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். இத்தகைய டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பிதான் போகிறது. மின்சாரம் திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டமே. டைனமோவின் பிடியில் கூர்நுனியுள்ள சிறு திருகாணி ஒன்று இருக்கும். அது வண்ணப் பூச்சைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். சைக்கிளுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்த பிறகு விளக்கு எரியவில்லை என்று முறையிடுபவர்கள் பலருக்கு இந்தத் திருகாணியை இறுக்கியதோடு குறை தீர்ந்திருக்கிறது. டைனமோவின் அச்சை நீட்டினால் அது சில்லின் மையத்தைத் தொடுமாறு பூட்ட வேண்டும். சரிந்திருந்தால் ரயரின் பக்கம் தேயும், மழையில் வழுக்கும்.

டைனமோவின் பெரிய குறை, சைக்கிள் நின்றதும் விளக்கும் அணைந்துபோவதாகும். சந்தியில் வலப்புறம் திரும்புவதற்காக வீதியின் நடுவே காத்துநிற்கும் வேளையில், வெளிச்சம் மிக வேண்டிய அந்தக் கணத்தில், நீங்கள் இருளில் இருப்பீர்கள். எனவே பின்னால் மட்டுமாவது பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைனமோவுக்கென்றே செய்யப்பட்ட எல்.ஈ.டி. விளக்குகளில் சில, உள்ளே மின்னைச் சேமித்து வைத்து, நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும். மோட்டார் சைக்கிளுக்கான 12 வோல்ற் எல்.ஈ.டி. விளக்கை இதில் இணைக்காதீர்கள். டைனமோ தருவது குறைந்த அழுத்தமுள்ள ஆடலோட்டம், அந்த விளக்குக்கு வேண்டியதோ நேரோட்டம்.

கேள்வி: பழைய சீ.டி. தட்டுகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டால் றிப்ளெக்டர் போலப் பயன்படுமா?
– மாணவி ஒருவர், சாவகச்சேரி

பதில்: பயன்படாது. சீ.டி. ஒரு கண்ணாடி, ஒளி எந்தக் கோணத்தில் பட்டதோ அதே கோணத்தில் மறுபக்கமாகத் தெறித்துவிடும். தட்டு தற்செயலாக நேரே திரும்பும் நொடியில் மட்டும் சாரதிக்கு ஒரு மின்னல் தெரியலாம். உங்கள் கைத்தொலைபேசியின் ரோச் வெளிச்சத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு வைத்துக்கொண்டு, முற்றத்தின் மறு மூலையில் நிறுத்திய சைக்கிளைப் பாருங்கள். நல்ல றிப்ளெக்டர் எரியும். தொலைபேசியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தவுடன் அது மங்கிவிடும். கடையில் நாடா வாங்கும்போதும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். வெறுமனே மினுமினுக்கும் அலங்கார ஸ்ரிக்கர்களும் றிப்ளெக்டர் நாடா என்ற பெயரில் விற்கப்படுகின்றன.

கேள்வி: கடும் பச்சை நிற மேலங்கி அணிந்தால் விளக்கு இல்லாமலே தெரியும் என்கிறார்கள். சேலை உடுத்து வேலைக்குப் போகும் எம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– அலுவலக உத்தியோகத்தர், சுன்னாகம்

பதில்: அந்தக் கடும் பச்சையும் மஞ்சளும் பகலில் பிரகாசிப்பதற்குக் காரணம், சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அந்தச் சாயம் மாற்றித் தருவதுதான். சூரியன் மறைந்த பின் அந்த வேலை நின்றுபோகிறது. வாகன விளக்கில் அந்தத் துணி வேறொரு வெளிர்நிறத் துணியைப் போன்றதே. மேலங்கியில் குறுக்கே தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டிதான் இரவில் பயன்படுகிறது. அதில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கின்றன.

மேலே சொன்ன குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளில் எனக்கு மிகப் பயனுள்ளதாகப் பட்டது இந்த இடம்தான். றிப்ளெக்டர் பட்டிகளைக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டியிருந்த சைக்கிளோட்டிகளை, மேலங்கி மட்டும் அணிந்திருந்தவர்களைவிட மிகக் கூடுதலான தடவைகள் சாரதிகள் சரியாக இனங்கண்டார்கள். அசையாத ஒரு வெளிச்சம் கம்பமாகவும் இருக்கலாம், வாசற்படலையாகவும் இருக்கலாம். மேலும் கீழுமாக மாறிமாறி அசையும் இரண்டு வெளிச்சங்கள் மிதிக்கின்ற மனிதனின் கால்களேயன்றி வேறாக இருக்க முடியாது. அதைக் கண்ட கணமே சாரதி புரிந்துகொள்கிறார். பெடலின் இருபுறமும் மஞ்சள் றிப்ளெக்டர் வைத்து விற்பதும் இதற்காகவே. பழைய பெடலை மாற்றும்போது அவை இல்லாத மலிவான பெடலை வாங்காதீர்கள்.

சேலை உடுத்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கணுக்காலில் கட்டும் பட்டியைச் சேலைக்கரையின் மேலாகக் கட்டுவதுதான். வலது காலில் அப்படிக் கட்டினால் சேலை செயினில் அகப்படாமலும் இருக்கும். வேட்டியும் சாரமும் உடுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. மழையங்கியின் பின்மடிப்பு இருக்கைக்குக் கீழே தொங்கிப் பின்விளக்கை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ஈரமான வீதி வாகன ஒளியைச் சாரதியிடம் திருப்பி அனுப்பாமல் முன்னோக்கித் தெறித்துவிடுவதால் வீதியே கறுத்துத் தோன்றும் வேளை அது. அங்கியின் மடிப்பை ஒதுக்கிக் கட்டுங்கள்.

வயதான சாரதிகளையும் நினைவில் கொள்ளுங்கள். 60 வயதான ஒருவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயது இளைஞருக்குப் போய்ச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

கேள்வி: வேலை முடிந்து இரவில் பண்ணை வீதியால் தீவுக்குத் திரும்புகிறேன். பின்விளக்கை மின்னி மின்னி எரியவிடுவதா, தொடர்ந்து எரியவிடுவதா? என் முன்விளக்கு கண்ணைக் குத்துவதாக எதிரே வருபவர்கள் ஏசுகிறார்கள்.
– வாசகர் ஒருவர், வேலணை

பதில்: மின்னும் விளக்கு விரைவில் கவனத்தை ஈர்க்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிப்பது சாரதிக்குக் கடினமாகிவிடுகிறது. ஜேர்மனியில் சைக்கிளுக்கு மின்னும் விளக்கை அனுமதிப்பதில்லை. கடைகளின் வெளிச்சம் நிறைந்த நகரத் தெருவில் மின்னவிடுவதற்கு நியாயம் இருக்கலாம். இருபுறமும் நீரேரியாக, வீடோ மரமோ இல்லாமல் நீண்டு கிடக்கும் உங்கள் பாதையில் தூரத்தைக் கணிக்க உதவும் வேறு அடையாளம் எதுவும் இல்லாததால், தொடர்ந்து எரியும் விளக்கே பாதுகாப்பானது என்பது என் உறுதியான எண்ணம். பொன்னாலைப் பாலத்தாலும் வல்லை வெளியாலும் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உப்புக்காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடிக்கும் என்பதால் மாதம் ஒரு முறை கழற்றித் துடையுங்கள். ஒளி சிறிது சிறிதாகக் குறைவது ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்விளக்கை வேண்டுமென்றே இறங்கிப் பார்க்க வேண்டும்.

முன்விளக்கு கண்ணைக் குத்துவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, உங்களுக்கே ஆபத்தும்கூட. கண் கூசிய சாரதி சில செக்கன்களுக்கு எதையும் சரியாகக் காண்பதில்லை. சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீற்றர் தூரத்தில் நேராக நிறுத்தி விளக்கை எரியவிடுங்கள். ஒளிவட்டத்தின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதி உயரத்தில் சுவரில் விழ வேண்டும். அப்படிச் சரித்தால் ஒளியின் மையம் 10 மீற்றர் முன்னே வீதியைத் தொடும். குழியும் தெரியும், எதிரே வருபவரின் கண்ணும் தப்பும். முன்கூடை உள்ள சைக்கிளானால் ஹாண்டிலில் பூட்டிய விளக்கின் ஒளியைக் கூடையில் வைக்கும் பை மறைத்துவிடும். அத்தகைய சைக்கிளில் விளக்கைக் கூடையின் முன்புறக் கம்பியிலோ முன்சில்லின் கவையிலோ பூட்டிய பிறகே இந்தச் சரிவைப் பார்க்க வேண்டும்.